பீளைக் கண்ணும் பெரட்டுக்களமும்

பிள்ளை மடுவத்தின் வாசலில் இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு இருக்கும். தவழ்கிற பிள்ளைகள் வெளியே வந்துவிடாமலிருக்க அடித்தது. அன்று காலை அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் பூமணியக்கா நின்றார். என் கையில் மூன்று மாதத்து மகள் தர்ஷினி இருந்தாள்.

பூமணியக்காதான் மடுவத்து ஆயா. நாங்கள் மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மற்ற நாட்களில் நான் படி ஏறும்போதே இரண்டு கையையும் நீட்டிவிடுவார். அன்று கையைச் சேலையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நீட்டவில்லை.

"சாந்தி, கோவிச்சுக்காத. இந்தப் புள்ளய உள்ள எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"யாருக்கா சொன்னா?"

"டிஸ்பென்சரி ஐயாதான். நேத்து வந்தாரு. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு, இது கண்ணு நோய், மத்ததுங்களுக்கும் ஒட்டிக்கும், வெளிய அனுப்புன்னுட்டாரு."

நான் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணில் மஞ்சள் பீளை காய்ந்து இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வலது கண் அகலத் திறந்து பூமணியக்காவைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு என்ன தெரியும், தன்னைத்தான் வெளியே அனுப்புகிறார்கள் என்று.

"எத்தன நாளைக்காம்?"

"கண்ணு சொகமாகுற வரைக்குமாம்."

பனி இன்னும் விலகவில்லை. மடுவத்துக்குள்ளிருந்து பால் புளித்த வாசமும் ஈரத்துணி வாசமும் வந்தன. எனக்குப் பின்னால் இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு வந்து நின்றுவிட்டார்கள். நான் ஒதுங்கி வழி விட்டேன். அந்த ஒரு நாள்தான் ஒதுங்கினேன்.

பேர் இருந்தால்தான் காம்பரா

இதில் என்ன பெரிய விஷயம், சுகமாகும் வரை பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று டவுனில் இருப்பவர்கள் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்த யாரும் கேட்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தரம் வந்து போவார். ஆகவே எங்கள் காம்பராவுக்கு, அதாவது லயம் என்ற வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த அந்த ஒற்றை அறைக்கு, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்த ஒரே பேர் என்னுடையது. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் காம்பரா கிடையாது. மாதக்கணக்கில் வராமலிருந்தால் பேரை வெட்டுவார்கள். பேரை வெட்டினால் அடுத்த மாதம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே போவது? என் அம்மா வீடு உடப்புசல்லாவைப் பக்கம். அங்கேயும் ஒரு காம்பராதான். அதில் ஏற்கனவே எட்டுப் பேர்.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் காம்பரா லெட்சுமியக்காவிடம் பிள்ளையை விடலாமென்றால் அவரும் கொழுந்துக்காரி. அவருடைய பத்து மாதத்து மகனே மடுவத்தில்தான் கிடந்தான். காலூன்றி நிற்கத் தெரிந்த அத்தனை பேரும் மலைக்குப் போகிற லயத்தில், பகலில் பிள்ளை பார்க்க யார் இருப்பார்கள்?

அந்த வாசலில் என் பிள்ளையைத் திருப்பி அனுப்பியபோது, எங்கள் கூரையையும் சேர்த்துத்தான் பிடுங்கினார்கள்.

தூரத்து வைத்தியம்

நேராகத் தோட்டத்து மருந்துக்கூடமான டிஸ்பென்சரிக்குப் போனேன். ஐயா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கண்ணாடி மேசை மேலேதான் கிடந்தது.

"எட்ட நில்லு," என்றார். நின்றேன்.

"ஐயா, பொறந்து ரெண்டாவது வாரத்துலருந்து இப்பிடித்தாங்க பீளை கட்டுது. தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்களேன்."

"பாக்க என்ன இருக்கு? இங்கருந்தே தெரியுது. இமை வீங்கியிருக்கு, சுத்தி நெறம் மாறியிருக்கு. கண்ணு நோய்தான். சொகமாகுற வரைக்கும் மடுவத்துக்குக் கொண்டு வரப்படாது."

"சொகமாக ஆறு மாசம் ஆனா?"

"ஆறு மாசந்தான்."

பிள்ளையை மடுவத்தில் எடுக்கக் கூடாது என்று ஆபீசுக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு எடுத்த நேரத்தில் பாதியைப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க எடுத்திருந்தால் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு நிஜமான கண்ணு நோய் ஒன்று தோட்டத்தைப் பிடித்து ஆட்டியது. முதலில் பள்ளிக்கூடம், பிறகு மடுவம், பிறகு லயம் லயமாக. கொழுந்தெடுக்கிற பெண்களில் பாதிப் பேர் கண் சிவந்து வீட்டில் கிடந்தார்கள். செடியில் கொழுந்து முற்றிப் போனது. அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த துரை எல்லார் முன்னாலும் ஐயாவைத்தான் ஏசினார். அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை. அதற்காகப் பீளை கட்டிய கண்ணெல்லாம் ஒட்டுகிற நோயாகிவிடுமா?

நான் செய்த கெட்டிக்காரத்தனம்

இமை வீங்கியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது என்று ஐயா சொன்னது பொய்யில்லை. அதற்குக் காரணம் நான்.

எங்கள் லயங்களில் கண்ணில் தூசு விழுந்தாலும் கண் எரிந்தாலும் சாயத் தண்ணீரால் கழுவுவோம். தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, துணியில் நனைத்து ஒற்றி எடுப்பது. தோட்டத்தில் மாதா மாதம் தருகிற தூள் எந்த வீட்டிலும் இருக்கும். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போய்விடும், எங்களுக்கு வருவது அடியில் கிடக்கும் தூசு. அதையும் மருந்தென்று நம்பினோம்.

பெரியவர்கள் கண்ணுக்கு ஆவது பிள்ளைக்கும் ஆகும் என்று நானாகவே முடிவு கட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், மூன்று வாரமாக அந்தப் பச்சைக் குழந்தையின் கண்ணைச் சாயத் தண்ணீரால் தேய்த்தேன். மெல்லிய தோல் உரிந்து, இமை தடித்து, கண்ணைச் சுற்றித் தேங்காய் ஓட்டு நிறத்தில் ஒரு வளையம் விழுந்துவிட்டது. எட்ட நின்று பார்த்தால் பெரிய வியாதி மாதிரிதான் தெரியும்.

வேறு எந்த ஊர்க்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். தேயிலைக்காரிதான் செய்வாள். இதை எழுதும்போதும் எனக்கு என் கை மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு சண்டை

ஐயாவிடம் ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேட்டேன். கண்ணுக்கெல்லாம் துண்டு கிடையாது என்றார். சரி, துண்டு இல்லாமல் போனால் அடித்தா துரத்துவார்கள் என்று மறுநாள் காலை பிள்ளையைப் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். பஸ் வழியில் ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடியில் ஒரு தரம் நின்றது, எல்லாரும் இறங்கி அடையாள அட்டை காட்டி மறுபடி ஏறினோம். டவுன் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு வரிசையில் நின்று, என் முறை வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது.

டொக்டர் ஓர் இளம் பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு இமையையும் பிரித்தார். மூன்று மாதத்தில் என் பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"கண் வெள்ளையாத்தானே இருக்கு. பிறகேன் இமை இப்பிடி? என்னத்தால துடைச்சனீங்கள்?"

சொன்னேன்.

"தேயிலைத் தண்ணியோ?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணில ஒரு வருத்தமும் இல்லை. இமையைப் புண்ணாக்கினது நீங்கள்தான்."

முகத்திலடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் முதல் வாக்கியம்தான் எனக்குள் போய் நின்றது. கண்ணில் வருத்தம் இல்லை, நோய் இல்லை.

அவர் சுண்டுவிரலால் பிள்ளையின் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் மெதுவாக அழுத்தினார். உள்முனையிலிருந்து ஒரு சொட்டுப் பீளை பிதுங்கி வந்தது.

"கண்ணீர் மூக்குக்குள்ள வடியிறதுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கு. சில பிள்ளையளுக்கு அது பிறக்கேக்க திறபட்டிருக்காது. தண்ணி தேங்கி நிக்கும், பீளை கட்டும். அநேகமா ஒரு வயசுக்குள்ள தானா திறந்திடும். திறக்காட்டில் கொண்டாங்கோ, அப்ப பாப்பம்."

"மத்த புள்ளைங்களுக்கு ஒட்டுமாங்க?"

"அடைப்பு எப்பிடி ஒட்டும்?"

எப்படித் தேய்ப்பது என்று காட்டினார். மூக்கோரத்து எலும்பின் மேல் விரலை வைத்து, லேசாக அழுத்திக் கீழ்ப்பக்கமாக இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்தாறு இழுப்பு, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கொதித்தாறிய வெறும் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. நான் செய்து காட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்துக் கறையேறி வெடித்துக் கிடந்தன.

"இந்த விரல் வேண்டாம். சின்ன விரலால செய்யுங்கோ."

உண்மைதான். கொழுந்தெடுக்கிறவளின் கையில் வேலை செய்யாத விரல் அது ஒன்றுதான். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளவும் சொன்னார்.

பிறகு ஒரு விரலை நீட்டி எச்சரித்தார். "கண் வெள்ளை சிவந்தால், மூக்கோரம் வீங்கினால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வெளிச்சத்தைப் பாக்கேலாமல் கண்ணை மூடினால், அண்டைக்கே, ஒரு நாளும் பிந்தாமல் கொண்டாங்கோ. அது வேற வருத்தம்."

அடுத்த பெயரைக் கூப்பிட நர்ஸ் வாயெடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"டொக்டர், இது ஒட்டாதுன்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கெல்லாம் கடிதம் தேவையில்லை."

"ஒங்களுக்குத் தேவையில்லைங்க. எனக்குத் தேவை. அது இல்லாட்டி புள்ளய மடுவத்துல எடுக்க மாட்டாங்க. நான் வேலைக்குப் போக முடியாது. பேர வெட்டிருவாங்க. எழுதிக் குடுக்காம நான் போக மாட்டேன்."

பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். டொக்டர் ஒரு நிமிடம் என்னை முறைத்தார், பிறகு எழுதினார். இங்கிலீஷில் இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். அதில் "நாட் இன்ஃபெக்ஷியஸ்", அதாவது ஒட்டாது, என்ற இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். பஸ்ஸில் வரும்போது பிள்ளையின் காதில் அதையேதான் தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஓர் இடைச்சொல்

இப்போது தையல்தான் என் பிழைப்பு. போன மாதம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு சின்னப் பெண், கையில் பீளைக் கண்ணோடு ஒரு குழந்தை வைத்திருந்தாள். அவளைப் பார்த்துத்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் இதை எழுதத் தோன்றியது. நான் டொக்டர் இல்லை, பத்தாம் வகுப்புப் படித்த கொழுந்துக்காரி. என் பிள்ளைக்கு இருந்தது அடைப்பு. உங்கள் பிள்ளைக்கு என்ன என்று கண்ணைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிறந்த சில நாளிலேயே கண் சிவந்து, வீங்கி, சீழ் கொட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். சாயத் தண்ணீரைக் குடியுங்கள், கண்ணில் விடாதீர்கள்.

கானில் இறங்கி நின்றவர்கள்

மறுநாள் டிஸ்பென்சரி ஐயாவிடம் கடுதாசியைக் கொடுத்தேன். நின்ற வாக்கில் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ஆயிரம் எழுதுவாங்க. நாளைக்கிப் பத்துப் புள்ளைங்களுக்கு வந்தா அவங்களா வந்து நிப்பாங்க? போ, போய் வீட்டுல இரு."

கடுதாசியைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.

அடுத்து என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன் எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் அவரோடு தோட்டத்து ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டோரத்து வாய்க்காலான கானில் இறங்கினார். கணுக்கால் வரைக்கும் சேற்றுத் தண்ணீர். துரை கடந்து போகும் வரை குனிந்தே நின்றார்.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் பிடரியைப் பிடித்து அமுக்கினார்.

"கண்ண கீழ போடு. தொரை மூஞ்சியப் பாக்கப்படாது."

அடிக்கிற மாதிரி இல்லை, காப்பாற்றுகிற மாதிரிதான் அமுக்கினார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

என் காலத்தில் கானில் இறங்குவது போய்விட்டது. கண்ணைக் கீழே போடுவது போகவில்லை. வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் துரை வந்து நின்றால் நூறு பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். துரையின் காலில் இருக்கும் சப்பாத்து என்ன நிறம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் கண் என்ன நிறம் என்று ஒருத்திக்கும் தெரியாது.

பெரட்டுக்களம்

அதற்கடுத்த நாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். எந்த மலைக்கு யார் போவது என்று பிரித்து விடுகிற இடம் அது. கொழுந்துக் கூடையோடு வர வேண்டிய இடத்தில் பிள்ளையோடு போய் நின்றேன். பயமில்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "என்னா சாந்தி இது? தொரை வாற நேரத்துல."

"தொரையத்தான் பாக்க வந்தேன்."

துரை வந்தார். இளம் வயது. புதிதாக வந்தவர். "என்னா இது? புள்ள என்னாத்துக்கு இங்க?"

நான் சொன்னேன். பிள்ளைக்குக் கண்ணில் அடைப்பு, ஒட்டுகிற நோய் இல்லை, டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் எழுதிக் கொடுத்த கடுதாசி டிஸ்பென்சரி ஐயாவின் சட்டைப் பையில் இருக்கிறது, அதில் "நாட் இன்ஃபெக்ஷியஸ்" என்று இருக்கிறது. அந்த இரண்டு சொல்லையும் நான் சொன்னபோது துரையின் சப்பாத்து அசைந்தது.

ஐயாவைக் கூட்டி வர ஆள் போனது. களத்துக்குக் கீழேதான் டிஸ்பென்சரி. வந்தார். நல்லவேளை, கடுதாசி பையிலேயே இருந்தது. துரை வாங்கிப் படித்தார்.

"சேர், கடுதாசி இருக்கலாம்," என்றார் ஐயா. "போன தடவையும் இப்பிடி ஒரு புள்ளையில இருந்துதான் ஆரம்பிச்சது. மறுபடி வந்தா கொழுந்தெடுக்க ஆள் இருக்காது. நான் பொறுப்பில்ல."

கொழுந்தெடுக்க ஆள் இருக்காது என்றதும் துரை கடுதாசியை மடித்தார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போச்சு, காம்பராவும் போச்சு, எல்லாம் போச்சு.

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"தொரை, என் கண்ணப் பாருங்க."

பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேன்.

"மூணு மாசமா இந்தப் பீளைய நான்தான் தொடைக்கிறேன். என் மூஞ்சியோட மூஞ்சி வச்சுத்தான் இவ தூங்குறா. ஒட்டுமுன்னா மொதல்ல எனக்கு ஒட்டியிருக்கணும். என் கண்ணப் பாருங்க. செவந்திருக்கா?"

தலையை நிமிர்த்தி நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் கை பிடரியில் இருக்கிற மாதிரியே இருந்தது. அமுக்கட்டும் என்று நின்றேன்.

துரை பார்த்தார். பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பழுப்பு நிறக் கண், சின்னப் பையன் கண் மாதிரி.

"மொறையா பேசு," என்றார் கணக்கப்பிள்ளை.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. லெட்சுமியக்கா. வாய் திறந்து யாரோடும் சண்டை போடத் தெரியாத மனுஷி.

"எம் மயன் மடுவத்துல இவ புள்ளைக்குப் பக்கத்துத் தொட்டில்லதாங்க கெடக்கான். பத்து நாளா கெடந்தான். அவனுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. என் கண்ணையும் பாருங்க தொரை."

லெட்சுமியக்காவும் நிமிர்ந்தார். அதற்கடுத்து மடுவத்தில் பிள்ளை விடுகிற இன்னொருத்தி. "எங்க கண்ணையும் பாருங்க." பிறகு பிள்ளையே இல்லாத ஒருத்தி. கூடைக் கயிறு தலையில் இருந்ததால் நிமிர்வது அத்தனை சுலபமில்லை, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நூறு பெண்கள் துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

யாரைக் காப்பாற்றுவதற்காக என் பிள்ளையை வெளியே அனுப்பினார்களோ, அவர்களுடைய தாய்மாரே வந்து நின்ற பிறகு அவர் என்ன சொல்வார்?

"சரி, சரி. புள்ள மடுவத்துக்குக் கொண்டு போ," என்றார். "ஒரு மனுஷிக்குக் கண்ணு செவந்தாலும் ஒடனே எனக்குச் சொல்லணும்."

"இவரு எழுதின துண்டுங்க?" என்று கேட்டேன். லெட்சுமியக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார், போதும் என்று. எனக்குப் போதவில்லை. "அது ஆபீசுல இருந்தா நாளைக்கி வேற யாராச்சும் எடுத்துக் காட்டி எம் பேர வெட்டுவாங்க."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். துண்டு அன்றைக்கே என் கைக்கு வந்தது. அடுப்பில் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பிள்ளையின் கண் துடைக்கிற தண்ணீர்.

எந்தக் கண்?

பூமணியக்கா தடுப்புக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "நான் என்ன செய்வேன் சாந்தி, அவங்க சொல்றதக் கேக்கணுமில்ல," என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை.

தினமும் பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்குவேன். பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவேன். பால் குடித்துக்கொண்டே பிள்ளை என்னைப் பார்க்கும், நான் மூக்கோரத்தில் தேய்ப்பேன். சாயத் தண்ணீர்க் கறை ஒரு மாதத்தில் மங்கியது. பீளை மங்கவில்லை. நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம். சில நாள் எனக்கே நம்பிக்கை போய்விடும். டொக்டர் ஒரு வயது என்று சொன்னாரே, இன்னும் நாள் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பேன். தோட்டத்தில் வேறு ஒரு பிள்ளைக்கும் கண் சிவக்கவில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பிள்ளை எனக்கு முன்னால் விழித்துக்கொண்டு என் மூக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. துடைக்கப் பஞ்சை எடுத்தேன், துடைக்க ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று. பிறகு லெட்சுமியக்காவிடம் சொல்லி இரண்டு பேரும் அழுதோம்.

ஒன்பதாம் மாதத்து ஊசி டிஸ்பென்சரியில்தான் போட்டார்கள். தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெயர் கூப்பிட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரட்டுக்களத்துக்குப் பிறகு ஐயா என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கு அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"இதுதானே அந்தக் கண்ணு நோய்ப் புள்ள?"

"அடைப்புங்க ஐயா."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிள்ளையின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு கண்ணைப் பார்த்தார். மறு கண்ணைப் பார்த்தார். மறுபடி முதல் கண்ணுக்கு வந்தார். பிள்ளை அவர் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்களே ஐயா பாத்து எழுதினீங்க," என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் தலை குனிந்து ஊசியில் மருந்தை ஏற்றினார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் அந்தத் தோட்டத்தில் இருந்தார். வழியில் பிள்ளையைக் காணும்போதெல்லாம் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். எந்தக் கண் என்று நான் கடைசி வரை சொல்லவில்லை.